திருத்தொண்டிலே தலைமை



குருபூசை, மகேசுரபூசை, திருவிழாக்காலத் தண்ணீர்ப்பந்தர் முதலியன நம்மூர்களிலே பெரும்பாலும் கூலி பெறாத அன்பர்களாலேயே நடைபெறுகின்றன. கூலிக்கு வந்தவரை ஏவுதல் எளிது. அன்பினால் வந்தவரை ஏவுதல் அரிது. அவர் மனம் நொந்தால் நாளை வாரார். ஆதலின், இத்தகைய பணியிலே தலைமையாவது யாது, பொறுப்பு யார் யாருக்கு உரியது என்பவற்றை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதலில் எமது பிழையொன்றைக் கூறுதல் முறை. சில ஆண்டுகளுக்கு முன் ஓரூரிலே சித்திரைச் சதயத்தன்று அப்பர் சுவாமிகள் குருபூசை நடந்தது. யாம் காரியதரிசியாயிருந்தோம். தலைவர் முந்நூறு பேருக்கு அரிசியிடும்படி சமையற்காரருக்குச் சொன்னார். இருநூறு பேருக்குப் போதும் என்று யாம் சொன்னோம். எவர் சொல்லே முடிவு என்பது தெரியாமல் அவர்கள் அடுப்பு மூட்டாதிருந்தனர். யாம் தலைவரோடு வழக்கிட்டுக் கோபித்து வீடு சென்றோம். களஞ்சியத் திறப்பும் எம் மடியிலேயே வந்துவிட்டது. நண்பகலில் நடக்கவேண்டிய பந்தி பிற்பகல் மூன்று மணிக்கே நடந்தது. அதற்குள் தூரத்திலிருந்து வந்த அடியார் சிலர் பசியோடு திரும்பினர். தலைவர்மேற் குற்றங் கூறி யாம் நெடுநாள் திரிந்தோம். திறப்பைக் கொண்டுபோனவர் யார் என்று எம்மை யாமே வினாவியது பின்னரேயாம்.

இனிப் பெரியபுராணத்தை நோக்குவாம். திருவீழிமிழலையிலே பஞ்சம் வந்தகாலத்துத் திருநாவுக்கரசு நாயனாரும் திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாரும் வெவ்வேறு திருமடங்களில் அடியார்களுக்கு அமுதளித்தனர். இறைவன் இருவர்க்கும் நாடோறும் ஒவ்வொரு பொற்காசு அருளினார். சம்பந்தர் மடத்திலோ அமுது காலந்தாழ்த்தே நடந்தது. அவர் காரணம் வினாவியபோது, தாம் பெறுங் காசை வட்டங் கொடுத்தே மாற்றவேண்டியிருத்தலையும், அரசு பெறுங் காசுக்கு வட்டமின்மையையும் பணிசெய்வோர் மறையாது சொல்லினர். சம்பந்தர் அழுக்காறு கொண்டிலர், அவர்களை வெகுண்டிலர். அரசு கையினாலே திருத்தொண்டு செய்பவராதலின் அவர் காசு வாசியின்றி வந்ததெனத் தெளிந்து, தமது காசின் வாசி தீரப் பதிகம் பாடினார். பின்பு அம்மடத்திலும் அமுது உரிய காலத்தில் நடந்தது.

இவ்வரலாற்றிலே நாம் கற்கவேண்டியவை மூன்று. பெரியோர் இருவர் இருந்தும் ஒரே அடுப்புக்கு இருவர் கட்டளை இல்லை. அவரவர் மடம் அவரவர் பொறுப்பு. தலைவர் வினாவினார், பணிசெய்வோர் அஞ்சாது உண்மை உரைத்தனர். தாழ்வு நேர்ந்தபோது தலைவர் பிறர் மடத்தைப் பழியாது தம் காசையே ஆராய்ந்தார். திருமறைக்காட்டிலும் திருக்கதவந் திறக்கப் பாடியவர் அரசு. அடைக்கப் பாடியவர் சம்பந்தர்.

ஆயின், தலைவரே வேண்டா என்பது கருத்தோ எனின், அன்று. தலைவர் இல்லாத பணி கயிறற்ற பட்டம் போலாம். எல்லாவற்றையுந் தாமே செய்வது தலைமையன்று. ஒவ்வொரு பணிக்கும் உரியவரை நியமித்து, அவர் சொல்லைத் தாமும் மீறாதிருத்தலே தலைமை. அரிசிக்கணக்கு ஒருவர், விறகுந் தண்ணீரும் ஒருவர், பந்தி விசாரணை ஒருவர் என முன்னரே எழுதிவைக்க. அவர்க்கு நோய் வரின் அடுத்தவர் யார் என்பதையும் உடன் எழுதுக. திறப்பு இரண்டு இருத்தல் வேண்டும். வரவுசெலவைப் பணி முடிந்தவுடன் அனைவரும் கேட்க வாசிக்க.

யாம் பாதிரிமார் பாடசாலையிற் படித்த காலத்து, ஒரு கூட்டத்தின் தீர்மானம் எழுதப்பட்டு அடுத்த கூட்டத்தில் வாசிக்கப்படுதலைக் கண்டோம். அவ்வொழுங்கு எச்சமயத்தார்க்கும் பொது. அதனைக் கைக்கொள்ளுதலால் நமக்கு இழுக்கில்லை.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் 1879 இல் சிவபதமடைந்தார். 1888 இல் யாழ்ப்பாணத்திலே சைவபரிபாலன சபை தோன்றிற்று; 1889 இல் இந்துசாதனம் வெளிவந்தது. ஒரு பெரியார் தொடக்கிய சைவப்பணியைப் பலர் தோள்கொடுத்துத் தாங்கினமைக்கு இவை சான்று.

ஆதலால், இளைஞர்காள், விளம்பரத்தில் யார் பெயர் முதலில் வரும் என்று வழக்கிடாதொழிக. அடுத்த குருபூசையன்று கடைசிப் பந்தியில் இருப்பவர் வயிறார உண்டாரா என்று பாருங்கள். அவர் உண்டாராயின் தலைமை நன்று. உண்டிலராயின், பிறர்மேற் சினக்குமுன் உங்கள் மடியைத் தடவிப் பாருங்கள். திறப்பு அங்கே இருத்தலுங் கூடும்.

சுபம்.