நடுராத்திரி வரும் விருந்தினர்: வீட்டு அறையை வாடகைக்கு விடுவோருக்குப் பயனுள்ள குறிப்புகள்

கோயம்புத்தூர் காந்திபுரத்துக்கு ராத்திரி முழுக்க வெளியூர் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். மத்திய பேருந்து நிலையம், அதை ஒட்டி விரைவுப் பேருந்துகளுக்குத் தனி நிலையம், சத்தி ரோட்டில் ஆம்னி பஸ் நிலையம் என எல்லாம் பக்கம் பக்கம். அதனால் இங்குள்ள வீதிகளில் ஓர் அறையை வாடகைக்கு விடும் குடும்பங்கள் ராத்திரி விருந்தினரைத் தவிர்க்க முடியாது. காலையில் மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்கள், கொடிசியா கண்காட்சிக்கு வரும் வியாபாரிகள், தேர்வு எழுத வரும் பிள்ளைகள், விடிந்ததும் ஊட்டிக்குக் கிளம்புகிறவர்கள் என்று வந்துகொண்டேதான் இருப்பார்கள். இரு தரப்பும் தூக்கக் கலக்கத்தில் நிற்கும்போது பேச்சு நீண்டால் மனக்கசப்பில்தான் முடியும். பேச வேண்டியதை எல்லாம் விளக்கு வைப்பதற்குள் பேசி முடித்துவிட வேண்டும்.

1. தேதியோடு நிறுத்தாமல், எந்தக் கிழமை ராத்திரி என்றும் கேளுங்கள். "13-ஆம் தேதி, 12.45-க்கு பஸ் வந்துவிடும்" என்று ஒருவர் சொன்னால், அது பகலா, 12-ஆம் தேதி ராத்திரி தாண்டியா? நள்ளிரவில் தேதி மாறிவிடும். ஆனால் அவருக்கு அறை தேவைப்படுவது முந்தைய நாள் கணக்கில். இணையத்தில் பதிவு செய்கிறவர்கள் பலர் பஸ் வந்து சேரும் தேதியையே போட்டுவிடுகிறார்கள். அவர் வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே வேறொருவர் தூங்கிக்கொண்டிருப்பார். "வெள்ளிக்கிழமை ராத்திரி, விடிஞ்சா சனி, அதுதானுங்களே?" என்று போனில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பயணச்சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னால் சந்தேகமே இருக்காது.

2. எங்கே இறங்குவார் என்பதை முன்பதிவு செய்த அன்றே கேளுங்கள். 'கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டு' என்று ஒன்றுதான் இருப்பதாக வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். சேலம், ஈரோடு, திருப்பூர் வண்டிகள் காந்திபுரம் வரும். மதுரை, தேனிப் பக்கத்து வண்டிகள் சிங்காநல்லூரோடு சரி. பொள்ளாச்சி, பாலக்காடு என்றால் உக்கடம். ஊட்டியிலிருந்து திரும்புகிறவர் மேட்டுப்பாளையம் ரோடு நிலையத்தில் இறங்குவார்.

கேரளாவுக்குப் போகும் ஆம்னி பஸ்களில் இன்னும் கவனம் தேவை. சென்னை, பெங்களூரிலிருந்து கொச்சி, திருவனந்தபுரம் போகும் வண்டிகளில் சில ஊருக்குள் வராமல் நீலாம்பூரிலேயே பைபாஸில் திரும்பிவிடும். நடுராத்திரியில் நெடுஞ்சாலை ஓரம் பெட்டியோடு இறங்கி நிற்பவருக்குக் காந்திபுரம் சட்டென்று வந்து சேரும் தூரத்தில் இல்லை. சீட்டில் இறங்குமிடம் என்னவென்று போட்டிருக்கிறது என்று படிக்கச் சொல்லுங்கள். வயதானவர்களோ தனியாக வரும் பெண்ணோ என்றால் கால் டாக்சியை நீங்களே பேசி அனுப்புங்கள். வண்டி எண்ணும் ஓட்டுநர் கைபேசி எண்ணும் இருவரிடமும் இருக்கட்டும். இதைத் தனிச் சலுகையாக நினைக்காதீர்கள். வாடகை வாங்குகிறவர் செய்ய வேண்டிய வேலைதான்.

3. வழி சொல்லும்போது ராத்திரியிலும் கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்களைச் சொல்லுங்கள். பகலில் எல்லாரும் அறிந்த ஜவுளிக்கடை, ஷட்டர் இறக்கியபின் எதற்கும் உதவாது. ஏடிஎம், பெட்ரோல் பங்க், ராத்திரியும் திறந்திருக்கும் மருந்துக்கடை, விளக்கெரியும் கோயில் என்று சொல்லுங்கள். காந்திபுரத்திலும் எண் போட்ட வீதிகள், டாடாபாத்திலும் எண் போட்ட வீதிகள். '7-ஆம் வீதி' என்று மட்டும் சொன்னால் ஆட்டோக்காரர் எங்கே வேண்டுமானாலும் போவார். நஞ்சப்பா ரோடு வழியாக வருகிறவரிடம் "பாலத்து மேல ஏறாம கீழயே வாங்க" என்று கட்டாயம் சொல்ல வேண்டும். ஏறிவிட்டால் காந்திபுரத்தைத் தாண்டித்தான் இறங்க முடியும். கூகுள் மேப் இடக்குறியோடு, உங்கள் வீட்டு கேட்டை ராத்திரி வெளிச்சத்தில் எடுத்த படம் ஒன்றையும் அனுப்பி வையுங்கள்.

4. அடையாள அட்டையின் படத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். வாசலில் அசல் அட்டையையும் முகத்தையும் ஒப்பிட்டால் போதும். ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதுவும் ஆகும். ஆதார்தான் தருகிறார் என்றால், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் இணையதளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். அடுத்தவருடைய முழு எண்ணும் நம் போனில் கிடப்பது நமக்குத்தான் பாரம். எத்தனை பேர் தங்குகிறார்களோ அத்தனை பேருடைய அட்டையும் வேண்டும். பெயர், ஊர், போன் எண், வந்த நேரம், கையெழுத்து ஆகியவற்றுக்கு ஒரு நோட்டுப் போடுங்கள். கையெழுத்து மட்டும் காலையில் காபியோடு வாங்கிக்கொள்ளலாம்.

5. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் விவரம் பதிய வேண்டும். 'சி படிவம்' என்று வழக்கில் சொல்வது இதைத்தான். சிங்கப்பூர், மலேசியா, இலங்கைத் தமிழர்களும் இதில் அடக்கம். நம் மொழி பேசுகிறார் என்பதால் விதி மாறாது. இணையதளத்தில் உங்கள் வீட்டைப் பதிவு செய்து கணக்கு வாங்கும் வேலையை, முதல் வெளிநாட்டு விருந்தினர் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

6. கேட்டைத் திறக்குமுன் வெளி விளக்கைப் போடுங்கள். வந்திருப்பவர் பதிவு செய்த எண்ணிலிருந்து உங்களை அழைக்கட்டும், பெயரைச் சொல்லட்டும், பிறகு கிரில் பூட்டைத் திறக்கலாம். ஒருவர் என்று பதிந்துவிட்டு மூவராக வந்தால், அவர்கள் அட்டைகளையும் பார்க்காமல் உள்ளே விட வேண்டாம். மறுத்தால் அறை கொடுக்க மறுப்பதில் தவறில்லை. நிலைமை முற்றினால் 112. பேருந்து நிலையத்தைச் சுற்றிய பகுதி காட்டூர் காவல் நிலைய எல்லைக்குள் வரும். உங்கள் வீடு எந்த நிலையத்தின் கீழ் வருகிறது என்று பார்த்து, எண்ணைப் போன் அருகே எழுதி ஒட்டுங்கள். வீட்டில் பெண்கள் மட்டும் இருக்கும் நாளில், ராத்திரி பத்துக்கு மேல் வருகிற புதியவருக்கு முன்பதிவே ஏற்காமல் இருப்பது நல்லது.

எண் போட்டுத் திறக்கும் சாவிப் பெட்டியை வாசலில் மாட்டிவிட்டுத் தூங்கப் போகலாம் என்பார்கள். தனிவாசல் உள்ள வீட்டில், ஏற்கெனவே தங்கிய விருந்தினருக்கு அது சரி. முதல்முறை வருபவரை நேரில் பார்த்துத்தான் சாவி தர வேண்டும்.

7. அக்கம்பக்கத்தாரின் தூக்கம். ஒலி மாசு விதிகளின்படி இரவு பத்து முதல் காலை ஆறு வரை இரவு நேரம். குடியிருப்புப் பகுதிக்கு அப்போதைய வரம்பு 45 டெசிபல். வீதிமுனையிலேயே ஹாரன் அடிக்காமல் நிற்கச் சொல்லுங்கள், காலிங்பெல் வேண்டாம், போன் போதும். கேட்டுக் கீலுக்கு எண்ணெய் விடுங்கள். பக்கத்து வீட்டாரிடம் அறை விடுவதை நீங்களே சொல்லி உங்கள் எண்ணையும் கொடுத்துவிட்டால், பிறகு ஏதாவது சிரமம் என்றால் முதல் அழைப்பு உங்களுக்கு வரும்.

8. அறைக்குள் ஃபிளாஸ்க்கில் வெந்நீர், குடிதண்ணீர், கொசுவிரட்டி, ஒரு டார்ச் தயாராக இருக்கட்டும். ஹீட்டர் சுவிட்ச் எது, வைஃபை கடவுச்சொல் என்ன என்பவற்றைப் பெரிய எழுத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சில்லென்று இருக்கும். ஒரு போர்வை கூடுதலாக வையுங்கள்.

9. சாப்பாடு. "சாப்பிட்டாச்சுங்களா?" என்று கேட்காமல் கொங்கு நாட்டில் யாரும் யாரையும் உள்ளே அழைப்பதில்லை. ஆனால் பதினொரு மணிக்குச் சமையல்கட்டில் நிற்க வேண்டியதில்லை. பழம், பிஸ்கட் எடுத்து வைத்தால் போதும். சிகிச்சைக்கு வந்த முதியவர் என்று தெரிந்தால், ராத்திரிக்குப் பொங்கிய அரிசிம்பருப்புச் சாதத்தில் ஒரு கிண்ணம் மூடி வைக்கலாம்.

10. தாமதத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். ரயில் தாமதமானால் பயணி மேல் குற்றமில்லை, அதற்குக் கூடுதல் பணம் கேட்பது நியாயமல்ல. ரயில் எங்கே வருகிறது என்று நாமே செயலியில் பார்த்து அலாரம் வைத்துப் படுக்கலாம். சொல்லாமல் கொள்ளாமல் மூன்று மணிக்கு வருகிறவர் விஷயம் வேறு. "ஒரு மணிக்கு மேல் ஆகுமென்றால் போன் செய்யுங்கள், இல்லையென்றால் காலை ஆறுக்குத்தான் கேட் திறக்கும்" என்று எழுத்தில் முன்பே அனுப்பிவிடுங்கள்.

11. வாடகையின் பாக்கி, மற்ற விதிகள், வீட்டைச் சுற்றிக் காட்டுவது எல்லாம் காலைக்கு.

12. ஊட்டிக்குச் சொந்த வண்டியில் போகிறவரிடம் இ-பாஸ் எடுத்தாரா என்று முதல் நாள் மாலையே கேளுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கு அது வேண்டும். மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் பிடிக்க வேண்டியவர் விடியுமுன்னே கிளம்புவார். அவருக்குச் சாவியை எங்கே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதை ராத்திரியே காட்டிவிடுங்கள்.