பெரிய சப் எங்கே நிற்கும்?

கேள்வி: இங்கிலாந்தின் டிரெண்ட் ஆற்றில் தூண்டில் போடுகிறேன். சின்ன சப் மீன்களே சிக்குகின்றன. பெரியதற்கு என்ன வழி?

பதில்: அகன்ற ஆறு என்றதும் நடு ஆற்றுக்கு வீசத்தான் கை துறுதுறுக்கும். வேண்டாம். 5 பவுண்டைத் தாண்டிய சப் பெரும்பாலும் கரையோரம் சாய்ந்த மரத்தடியிலோ, வேகநீரும் மந்தநீரும் உரசும் இடத்திலோ நிற்கும். இரை சின்னதென்றால் பொடிமீன்கள் முந்திக்கொள்ளும். ரொட்டியின் உள்சதையையோ சீஸ் உருண்டையையோ கட்டைவிரல் பருமனுக்குக் கோத்து, நீரோட்டத்தோடு இறக்கி விடுங்கள். சப் வாய் அகன்ற தீனிப்பண்டாரம்தான். ஆனாலும் உங்கள் நிழல் தண்ணீரில் விழுந்தால் மாயமாகிவிடும். அந்தி மயங்கும் நேரமே தோது. தொண்டைக்குள் பல் உண்டு. தூண்டில் முள்ளைக் கழற்ற விரலை விடாதீர்கள், இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். உரிமம் கையில் இருந்தாலும், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அங்கே ஆற்றில் தூண்டில் போடத் தடை.