அசையாது நிற்கும் கணினி

நம் சுங்கை சிப்புட் வட்டாரத்து இல்லங்கள் சிலவற்றில், அண்ணன்மாரும் அக்காள்மாரும் பயன்படுத்திய பழைய கணினி இன்றும் மேசைமேல் இருக்கக் காணலாம். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே அது திடீரென அசைவற்று நின்றுவிடும். சுட்டியை நகர்த்தினும் அம்புக்குறி நகராது. விசைகளைத் தட்டினும் பயன் இராது. "பழுதாகிவிட்டது, தூக்கி எறிந்துவிடலாம்" என்பர் பெரியோர். ஆனால், மறைந்த பாட்டியாரின் நிழற்படம் அதனுள் மட்டுமே இருக்கக்கூடும் அன்றோ? ஆதலின், முதற்பணி பழுது பார்ப்பதன்று. கணினி இயங்கும் சிறு பொழுதிலேயே வேண்டியவற்றைப் பென்டிரைவில் படி எடுத்துக்கொள்வதே ஆகும்.

அடுத்து, ஒரு குறிப்பேட்டை எடுத்துக்கொள்க. கணினி எப்பொழுது நின்றது, இயக்கி எத்தனை நிமிடம் ஆயிற்று, அப்போது என்ன செய்துகொண்டிருந்தோம், ஏதேனும் ஓசை கேட்டதா என எழுதி வருக. மருத்துவர் நோயாளியை வினவுவது போன்றதே இது.

இயக்கி இருபது நிமிடங்களில் நிற்பதும், சற்று ஓய்வு கொடுத்தால் மீண்டும் ஓடுவதுமாக இருப்பின், வெப்பத்தை ஐயுற வேண்டும். கணக்கிடும் உறுப்பாகிய செயலி மிகுந்த சூட்டை உண்டாக்குவது. அச்சூட்டை உலோகத் தகடுகள் வாங்கிக்கொள்ள, சிறு மின்விசிறி வெளியேற்றுகிறது. நம் ஊரிலோ நண்பகலில் அறைக் காற்றே 32 பாகை அளவுக்குச் சூடேறிவிடும். போதாக்குறைக்கு, தாளிப்பின் எண்ணெய்ப் பிசுக்கும் சாம்பிராணிப் புகையும் தூசியைத் தகடுகளில் பசைபோல் ஒட்ட வைக்கின்றன. சுவர்ப்பல்லி உள்ளே குடியேறுவதும் உண்டு! கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கிய பின்னரே, பெரியவர் ஒருவர் உடனிருக்க மூடியைத் திறக்க வேண்டும். விசிறியின் இதழைச் சுழலாதவாறு ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, உலர்ந்த ஓவியத் தூரிகையால் தூசியை நீக்குக. ஈரத்துணி கூடாது. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும்.

கோப்பைத் திறக்கும்போதெல்லாம் நிற்பதும், "டிக், டிக்" என்னும் ஓசை எழுவதும் வன்தட்டின் தேய்வைக் காட்டுவன. பல வன்தட்டுகள் நிமிடத்திற்கு 7,200 முறை, அதாவது நொடிக்கு 120 முறை சுழல்பவை. அவ்வோசை கேட்டபின் ஆராய்ச்சி வேண்டா. படி எடுத்தலே வேண்டும்.

நேரங்காலம் இன்றி நிற்குமாயின், நினைவகப் பலகையைப் பார்க்கலாம். கணினிப் பெட்டியின் உலோகப் பகுதியை முதலில் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு, பலகையைக் கழற்றுக. அதன் பொன்னிறப் பற்களை நம் பள்ளி அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் தட்டிவிட்டு, மீண்டும் பொருத்துக. இச்சிறு செயலால் உயிர்பெற்ற கணினிகள் பலவாகும். அதுவும் உதவாவிடில், தாய்ப்பலகையிலுள்ள சிறு உருளைகளாகிய மின்தேக்கிகளின் தலையைக் காண்க. 2000-ஆம் ஆண்டை ஒட்டிச் செய்யப்பட்ட பலகைகள் பலவற்றில் குறையுள்ள மின்தேக்கிகள் பொருத்தப்பட்டமையால், அவற்றின் தலை உப்பிக் கசிந்தது. அதனை மாற்றுவது கைதேர்ந்தவர் வேலை.

ஒருமுறைக்கு ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிவிட்டால், எதனால் நலமடைந்தது என்பது விளங்காது.

குறை எப்போதும் கருவியில்தான் இருக்கும் என்பதும் இல்லை. விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவை கணினி இயங்கிய நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடியாக எண்ணிவந்தன. அவ்வெண்ணி கொள்ளக்கூடிய பேரளவு ஏறத்தாழ 4,294,967,296. ஒரு நாளில் 86,400,000 ஆயிரத்திலொரு நொடிகள் உள. வகுத்துப் பாருங்கள், 49 நாளும் 17 மணி நேரமும் வரும். அத்துணைக் காலம் அணைக்காமல் வைத்திருந்தால் கணினி நின்றுபோகக்கூடும் என்பது 1999-இல்தான் வெளிப்பட்டது. அதற்குள் வேறு காரணத்தால் நின்றுவிடும் கணினிகளே மிகுதி என்பதால், நெடுநாள் எவரும் அதனைக் கண்டுகொள்ளவில்லை போலும்!

நம் வட்டாரத்தில் ஏப்ரல், மே திங்களிலும் அக்டோபர், நவம்பர் திங்களிலும் மாலை நேரத்து இடிமழை மிகுதி. இடி முழங்கத் தொடங்குமுன்பே மின்கம்பியையும் இணையக் கம்பியையும் பிடுங்கிவிடுக. இவ்வளவும் செய்தும் சீராகாவிடில் கடைக்குக் கொண்டு செல்லலாம். உங்கள் குறிப்பேட்டையும் உடன் கொடுங்கள்.