இரண்டு காலுக்கும் தனித்தனி அளவு

உதியன்குளங்கரை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில் உள்ள ஊர். திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை போகும் பெரிய சாலை இந்த ஊர் வழியாகப் போகிறது. இங்கே தமிழும் பேசுவார்கள். மலையாளமும் பேசுவார்கள்.

இந்த ஊரில் ஒரு தாய். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறார். பிளவுஸ், நைட்டி, பள்ளிச் சீருடை தைப்பார். அளவுகளை எழுதி வைக்க மாட்டார். எல்லாம் மனப்பாடம்.

அவருக்கு ஒரு மகன். வயது 22. ஒரு வருடம் முன்பு பைக் விபத்தில் வலது தொடை எலும்பு முறிந்தது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலது கால் ஒரு இஞ்சு குட்டையாகிவிட்டது. தொடையும் மெலிந்துவிட்டது.

கடையில் வாங்கிய ஜீன்ஸ் அவனுக்குச் சேரவில்லை. இடது பக்கம் சரியாக இருந்தது. வலது பக்கம் தொளதொள என்று தொங்கியது. கால் நுனி தரையில் இழுபட்டது. பார்ப்பவர்கள் காலையே பார்த்தார்கள். அவன் வெளியே போவதைக் குறைத்துக்கொண்டான். பாறசாலையில் ஒரு கடையில் வேலை இருந்தது. அதற்கும் போகவில்லை.

"மக்களே, நானே தைத்துத் தருகிறேன்" என்றார் அம்மா.

முதல் முயற்சி

அம்மா இரண்டு மீட்டர் ஜீன்ஸ் துணி வாங்கினார். பிளவுஸ் தைத்துச் சேர்த்த பணம். இரண்டு காலையும் அளந்தார். துணியை விரித்து வெட்டினார். இரண்டு நாளில் தைத்து முடித்தார்.

மகன் போட்டுப் பார்த்தான். மெலிந்த கால் வலது. ஆனால் குறுகலான குழல் இடது பக்கம் வந்திருந்தது! காகிதத்தைத் திருப்பி வைத்து வெட்டிவிட்டார். வலது, இடது மாறிவிட்டது. துவைத்தபோது நீளமும் சுருங்கியது.

அம்மாவுக்கு அழுகை வந்தது. மகன் ஒன்றும் சொல்லவில்லை. மடித்து வைத்துவிட்டுப் போய்விட்டான்.

சந்திப்பில் தையற்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் அம்மா போனார். பேன்ட் தைப்பதில் நல்ல அனுபவம் உள்ளவர்.

"ஜீன்ஸ் ஒரு தையற்காரர் கண்ட உடுப்புதான். நம்மால் முடியாதா?" என்றார் அண்ணாச்சி.

ஜீன்ஸ் வந்த கதை

அண்ணாச்சி சொன்னது உண்மை. அமெரிக்காவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையற்காரர் இருந்தார். ஒரு தொழிலாளியின் மனைவி அவரிடம் வந்தார். கணவருக்குக் கிழியாத பேன்ட் வேண்டும் என்று கேட்டார். டேவிஸ் பையின் மூலைகளில் செம்பு ஆணி அடித்துக் கொடுத்தார். அந்த ஆணிக்கு ரிவெட் என்று பெயர். பிறகு லெவி ஸ்ட்ராஸ் என்ற துணி வியாபாரியுடன் சேர்ந்தார். 1873 மே 20 அன்று இருவருக்கும் காப்புரிமை கிடைத்தது.

நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. அகமதாபாத் அரவிந்த் மில் 1995இல் 'ரஃப் அண்ட் டஃப்' என்ற பொட்டலத்தை விற்றது. அதில் வெட்டாத துணி, ஜிப், ரிவெட், ஒட்டும் சின்னம் எல்லாம் இருக்கும். விலை 200 ரூபாய்க்குள். வாங்கியவர் உள்ளூர்த் தையற்காரரிடம் கொடுத்துத் தன் அளவுக்குத் தைத்துக்கொள்ளலாம்.

ஜீன்ஸ் துணிக்கு டெனிம் என்று பெயர். பாலராமபுரம் நெசவாளர்களுக்குப் பாவு, ஊடை தெரியும். டெனிமில் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெள்ளை. அதனால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுப்பாகவும் இருக்கிறது.

அண்ணாச்சி சொன்ன வழி

1. துணியை முதலில் துவையுங்கள். புதுத் துணி சுருங்கும். துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். சாயம் போகும். தனியாகத் துவையுங்கள்.

2. அளவை எழுதுங்கள். இடுப்பு, சீட், தொடை, முழங்கால், கால் வாய், உள்நீளம், வெளிநீளம். கால் அளவுகளை ஒவ்வொரு காலுக்கும் தனியாக எழுதுங்கள். பெல்ட் கட்டும் இடத்தில்தான் இடுப்பை அளக்க வேண்டும்.

3. உட்காரும் அளவை மறக்காதீர்கள். மர நாற்காலியில் நேராக உட்காரச் சொல்லுங்கள். பக்கவாட்டில் இடுப்பிலிருந்து நாற்காலிப் பலகை வரை அளங்கள். அதோடு அரை இஞ்சு முதல் ஒரு இஞ்சு வரை கூட்டுங்கள். கவட்டையின் ஆழம் இதுதான். இது குறைந்தால் உட்காரும்போது பிடிக்கும், கிழியும்.

4. இறுக்கமாக அளக்காதீர்கள். இழுபடாத டெனிமில் சீட்டுக்கு 2 இஞ்சு வரை தளர்வு வேண்டும்.

5. முதலில் பழைய பெட்ஷீட்டில் வெட்டுங்கள். கையால் ஓட்டுத் தையல் போட்டுப் பாருங்கள். தவறு வந்தால் பழந்துணியோடு போகும்.

6. துணியைப் பாவு நூல் ஓடும் திசையில் நேராக வைத்து வெட்டுங்கள். கோணினால் கால் முறுக்கிக்கொள்ளும்.

போட்டுப் பார்க்கும்போது

நிற்கச் சொல்லுங்கள். நடக்கச் சொல்லுங்கள். உட்காரச் சொல்லுங்கள். துணியே பேசும்.

சீட் சரி, ஆனால் இடுப்பின் பின்பக்கம் இடைவெளியா? பின் நடுத் தையலிலும் யோக்கிலும் பிடியுங்கள். பக்கத்தில் பிடித்தால் பை கோணும்.

உட்காரும்போது பின்பக்கம் கீழே இறங்குகிறதா? பின் உயரம் போதாது. மேலே கூட்டுங்கள்.

கவட்டையிலிருந்து முன்பக்கம் கோடு கோடாக இழுக்கிறதா? அங்கே துணி போதாது. உள்தையலைத் தளர்த்துங்கள்.

இரண்டாம் முயற்சி

அம்மா நோட்டு எடுத்தார். இடது தொடை 22 இஞ்சு. வலது தொடை 20 இஞ்சு. இடது உள்நீளம் 29. வலது உள்நீளம் 28. எல்லாம் எழுதினார். காகிதத் துண்டுகளில் "வலது", "இடது" என்று பெரிதாக எழுதினார். "மேல் பக்கம்" என்றும் எழுதினார். இந்த முறை துணியை மடிக்கவில்லை. ஒற்றையாக விரித்தார். ஒவ்வொரு துண்டையும் படித்துப் பார்த்த பிறகே கத்தரியை வைத்தார்.

வலது தொடையில் கூடுதல் இரண்டு இஞ்சு. அதைக் கவட்டைக்குக் கீழிருந்து மெல்ல மெல்லக் குறைத்தார். வெளித்தையலில் ஒரு இஞ்சு. உள்தையலில் ஒரு இஞ்சு. ஒரே பக்கம் குறைத்தால் கால் கோணும்.

மெஷினில் 16ஆம் நம்பர் ஊசி போட்டார். தையலை நீளமாக வைத்தார். தடித்த இடங்களைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினார். அங்கே சக்கரத்தைக் கையால் சுற்றினார். பை, ஜிப், யோக், பின் நடுத் தையல், உள்தையல் என்று வரிசையாகத் தைத்தார். வெளித்தையலைக் கடைசிக்கு வைத்தார். போட்டுப் பார்த்துத் திருத்த அதுதான் வசதி.

கால் நுனியை உடனே மடிக்கவில்லை. மகனைச் செருப்புடன் நிற்க வைத்தார். ஒவ்வொரு காலிலும் தனியாகச் சாக்பீஸ் அடையாளம் வைத்தார். பிறகு மடித்தார்.

மகன் போட்டான். உட்கார்ந்தான். எழுந்தான். முற்றத்தில் இரண்டு நடை நடந்தான். நடையில் சாய்வு இருந்தது. அது போகவில்லை. ஆனால் துணி எங்கும் தொங்கவில்லை, இழுபடவில்லை.

"அம்மா, அந்தக் கடைக்காரர் இன்னும் ஆள் தேடுகிறாரா?" என்று கேட்டான்.

"காலையில் போய்க் கேள், மக்களே" என்றார் அம்மா.

வீணான முதல் ஜீன்ஸ் இப்போது சந்தைப் பை. அம்மா அதை வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறார்.

கணக்குப் போடுவோம்

1. துணி 200 செ.மீ. துவைத்தால் 100க்கு 3 செ.மீ. சுருங்கும். மிஞ்சுவது எவ்வளவு?

2. உட்காரும் அளவு 10 இஞ்சு. ஒரு இஞ்சு கூட்ட வேண்டும். கவட்டையின் ஆழம் எவ்வளவு?

பேசுவோம்

அம்மா முதல் முறை செய்த தவறுகள் எவை? உங்கள் வேலையில் எழுதி வைக்க வேண்டியது எது?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் ஒருவரை அளங்கள். பெயர், தேதி, இடுப்பு, உள்நீளம் ஆகியவற்றை நோட்டில் எழுதுங்கள். வலது, இடது என்று பிரித்து எழுதுங்கள்.