குமரிமுனைச் சங்கும் வடசேரி நகையும்

கன்னியாகுமரியில் பகவதியம்மன் கோயிலை ஒட்டிய கடைகளில் பயணியின் கண்ணில் முதலில் படுபவை சங்கு, சிப்பி, பலநிற மணல் பொட்டலங்கள் ஆகியவையே. இவற்றுள் வாங்குவோர் பெரிதும் ஏமாறுவது வலம்புரிச் சங்கில்தான். சங்கின் சுருள்நுனி கீழேயும் நீண்ட மூக்கு மேலேயும் இருக்க, வாய் பார்ப்பவரை நோக்குமாறு பிடித்தால், வாய் இடப்புறம் திறப்பது இடம்புரி, வலப்புறம் திறப்பது வலம்புரி. மன்னார் வளைகுடாவில் சங்கு குளிப்போர் எடுப்பவை ஏறக்குறைய அனைத்தும் இடம்புரியே என்பதால், வலம்புரிக்குப் பெருவிலை உண்டு. ஆனால் அமெரிக்கக் கரையோரம் வாழும் வேறோர் இனத்துச் சங்கு இயல்பாகவே வலப்புறம் வாய் திறப்பதாகும். அதனை மெருகேற்றி வலம்புரி என விற்போரும் உண்டு. வாய்க்குள் விரலைவிட்டு நடுத்தண்டைத் தடவிப் பார்த்தால், நம் கடற்சங்கில் மூன்று நான்கு மடிப்புகள் வரிவரியாக நெருடும். அயற்சங்கில் அந்த வரிசை இராது. காதில் வைத்தால் ஓங்காரம் கேட்கிறது என்பது சான்றாகாது. குடைவான எந்த ஓட்டிலும் அவ்விரைச்சல் கேட்கும்.

பவளத்தையும் கடற்குதிரையையும், அழகுக்காக விற்கப்படும் சில அரிய சங்கினங்களையும், 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2001 முதல் காத்து வருவதால், அவற்றை யார் நீட்டினாலும் வாங்கலாகாது.

தேவியின் திருமணம் நின்றுபோக, விருந்துக்கு வைத்த அரிசியும் பருப்பும் மணலாயின என்று ஊரார் சொல்லும் மணலில், செம்மை கார்னெட் என்னும் கனிமத்தாலும் கருமை இல்மனைட்டாலும் வருவன. பளிச்சென்ற பச்சையும் நீலமும் சாயமேற்றியவை எனக் கொள்ளலாம்.

இம்மாவட்டத்தின் கைத்திறனைக் காண விரும்புவோர் கடற்கரையோடு திரும்பிவிடாமல் நாகர்கோவில் வடசேரிக்கு அவசியம் செல்ல வேண்டும். பரதநாட்டியக் கலைஞர்கள் அணியும் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை, ராக்கொடி முதலிய கோயில் நகைகள், வெள்ளித் தகட்டில் சிவப்புக் கற்களைப் பதித்து, பொன்தாள் (மெல்லியதாக அடித்த தங்கத் தகடு) ஒட்டி, அங்கே கையால் செய்யப்படுகின்றன. புவிசார் குறியீடு பெற்ற இந்நகைகளின் தோற்றத்தில் செம்பு, பித்தளைப் போலிகளும் சந்தையில் உள்ளமையால், வெள்ளியின் எடையைத் தனியே குறித்த ரசீதைக் கேட்டுப் பெறுவது தேவை. நகையின் பின்புறத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும், ஏனெனில் உலோகம் இன்னதென்பது அங்கேதான் எளிதில் புலப்படும்.

இங்கே பயணிகள் வாங்கிச் செல்லும் மற்றொரு பொருளான கருப்பட்டியை உடைத்துப் பார்த்து வாங்குவதே ஊர் வழக்கம்: உட்புறம் மங்கிய பழுப்பாக இருந்து, நாவில் இனிப்போடு சற்றே கரிப்பும் தட்டினால் அது பதநீரில் காய்ச்சியது, சீனி கலந்ததோ உடைந்த இடத்தில் மினுமினுக்கும்.