மலைபடுகடாமும் யானையின் மொழியும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளால் இயன்றது. செங்கத்து மன்னன் நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடியது. கள்ளக்குறிச்சியார்க்குச் செங்கம் அயல்நாடு அன்று. நம் கல்வராயன் மலைக்கு வடபால் உள்ள ஊர்தான். கூத்தராற்றுப்படை என்னும் மறுபெயரைத் தேர்வுக்காக மனனம் செய்யும் மாணவர், முதற்பெயரின் காரணத்தை விட்டுவிடுகின்றனர். மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளை அதன் மதமாகவும் உருவகித்தமையால் வந்த பெயர் அது.

அவ்வோசைகளுள் இரண்டு ஈண்டு நோக்கத்தக்கன. இனத்தைப் பிரிந்த ஒருத்தலைச் சூழ்ந்து கானவர் எழுப்பும் ஆரவாரம் ஒன்று. பிடிபட்ட யானையின் சினம் தணிக்கப் பாகர் பலமொழி கலந்து பயிற்றும் ஓசை மற்றொன்று. இரண்டும் மனிதர் யானையை நோக்கி எழுப்பியவை. யானை தன் இனத்தோடு பேசுவது எவ்வாறு?

பிளிறல் என்று உடனே விடை கூறுவோம். அது யானைப் பேச்சில் நம் செவிக்கு எட்டும் ஒரு பகுதியே. பறவைகளின் பேச்சு சுலைமான் நபி (அலை) அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டதைத் திருக்குர்ஆனின் நம்ல் அத்தியாயத்தில் ஓதுகின்றோம். அக்கொடை வாய்க்காத நமக்குக் கருவிகளே துணை. 1984ஆம் ஆண்டு அமெரிக்காவின் போர்ட்லாந்து விலங்குக் காட்சிசாலையில் கேட்டி பெய்ன் என்னும் பெண்மணி ஆசிய யானைகளின் அருகில் நின்றபோது, காற்றில் ஓர் அதிர்வை உணர்ந்தார். காதில் ஒலி ஏதும் விழவில்லை. ஒலிநாடாவில் பதிந்து ஆராய்ந்தபோது உண்மை புலனாயிற்று. 1986இல் அவரும் துணைவரும் வெளியிட்ட ஆய்வின்படி, அக்குரல்கள் நொடிக்கு 14 முதல் 24 வரையிலான அதிர்வுகளை உடையன. மனிதச் செவியோ ஏறத்தாழ 20க்குக் கீழ் கேளாது. தாழ்ந்த ஒலி மரங்களால் எளிதில் தடைப்படாது. ஆதலின் நெடுந்தொலைவு செல்லும். மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டம் திடீரென அசைவற்று நின்று, காதுகளை விரித்துப் பின் ஒருங்கே திசைமாறுவதன் காரணம் இவ்வாறு விளங்கலாயிற்று. வாயால் பேசுவதோடு துதிக்கையால் தொட்டும், மோந்தும் அவை உறவறிகின்றன என்பது தனியே எழுதத்தக்கது.

இனி நம் மாவட்டத்துக்கு வருவோம். கள்ளக்குறிச்சி விழுப்புரத்தோடு இணைந்திருந்த காலத்தில், 2013 ஆகஸ்டில், திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டப் பகுதிகளில் திரிந்த ஆறு யானைகள் மயக்க ஊசியாலும் கும்கிகளாலும் பிடிக்கப்பட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. நன்னன் நாட்டில் கேட்ட அதே இரண்டு ஓசைகள்! முதலில் ஊரார் ஆரவாரம், பின்னர் பாகர் பயிற்சி. பயிர் இழந்த உழவரைக் குறை கூறோம். ஒரு பருவத்துக் கரும்பு என்பது ஒரு வீட்டின் ஆண்டு வாழ்வு. எனினும், நாற்புறமும் பட்டாசும் பறையும் முழங்கும்போது, சிதறிய யானைகள் ஒன்றையொன்று அழைக்கும் குரல் அவ்விரைச்சலில் அமிழ்ந்துபோம் என்றே கருதுகின்றோம். ஒருபுறமேனும் அமைதியாக விட்டால் அவை கூடிச் செல்ல இடமுண்டு. யானை ஓசையின்றி வந்தது என்று ஊரார் கூறுவதில் நம் செவியின் குறைக்கும் பங்கிருக்கலாம்.

இப்போதெல்லாம் வகுப்பில் மலைபடுகடாம் நடத்துங்கால், கானவர் ஆரவாரம் வரும் இடத்தில் நிறுத்தி, அந்த ஆறு யானைகளின் செய்தியையும் சேர்த்தே கூறுகின்றோம்.