வலைப்பக்க அமைப்பாளர்க்கு விவரக்குறிப்பு எழுதும் முறை

கட்டடக்கலைஞர் வரைந்த படமொன்றை மேசன் கையிற் கொடுத்த மாத்திரத்தில் வீடு எழும்பிவிடுவதில்லை. சுவரின் தடிப்பு யாது, சீமெந்தும் மணலும் எவ்விகிதத்திற் கலக்கப்படல் வேண்டும், மழைநீர் எவ்வழியால் வெளியேறும் என்பனவெல்லாம் எழுத்தில் இருத்தல் வேண்டும். இணையத்தில் நாம் காணும் பக்கங்களுக்கும் இஃது ஒக்கும். வடிவமைப்பாளர் தீட்டிய படத்தை உலாவியில் இயங்கும் பக்கமாக ஆக்குவோர் பக்க அமைப்பாளர் ஆவர். நம் இளைஞர் பலர் இத்தொழிலை நாடும் இக்காலத்தில், அவர்க்கென எழுதப்படும் விவரக்குறிப்பின் இலக்கணத்தைச் சிறிது ஆராய்வாம்.

ரிம் பேணேர்ஸ் லீ 1989ஆம் ஆண்டில், ஜெனீவா நகரை அடுத்த சேர்ண் ஆய்வுகூடத்தில், உலகளாவிய வலைக்கான திட்டத்தை முன்வைத்தார். 1994இல் ஹோக்கன் வியூம் லீ, பக்கத்தின் தோற்றத்தைத் தனியே விதிக்கும் பாணித்தாள் முறையை முன்மொழிந்தார். 1996 டிசெம்பரில் அதன் முதற் படி வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. இவ்வாறு உள்ளமைப்பை எச்.ரி.எம்.எல். மொழியும் தோற்றத்தைச் சி.எஸ்.எஸ். மொழியும் ஆளும் முறை வேரூன்றியது. திரைக்கேற்ப நெகிழும் வடிவமைப்பு என்னும் கருத்தை 2010இல் ஈதன் மார்க்கொட் எடுத்துரைத்தார். ஆகவே, ஒரு பக்கத்துக்கு ஒரே வடிவம் என்பது இன்று இல்லை. படம் ஒரு நிலையையே காட்டும். ஏனையவற்றைக் குறிப்பே சொல்லல் வேண்டும்.

விண்ணப்பப் படிவம் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம்.

முதலாவது, அகலம். "கைபேசியில் நன்றாகத் தெரிதல் வேண்டும்" என்பது குறிப்பாகாது. "768 பிக்சலுக்குக் குறைந்த அகலத்தில் இரு நிரல்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும், 320 பிக்சல் அகலத்திலும் பக்கவாட்டில் நகர்த்த நேராது" என்பதே குறிப்பாகும்.

இரண்டாவது, உள்ளடக்கத்தின் எல்லை. ஆங்கிலத்தில் ஒரு சொல்லாய் அடங்கும் பொத்தானின் பெயர் தமிழில் இருமடங்கு நீளலாம். நம் நாட்டிலே பக்கங்கள் மும்மொழியிலும் அமைவன. எனவே மாதிரிக்கு இலத்தீன் சொற்குவியலை இடாது, மும்மொழிகளிலும் மெய்யான வாசகத்தையே இடல் வேண்டும். அடையாள அட்டை இலக்கத்துக்கான கட்டம், புதிய 12 இலக்கங்களையும், பழைய 9 இலக்கங்களோடு கூடிய ஓரெழுத்தையும் ஏற்குமா என்பதும் எழுதப்படல் வேண்டும்.

மூன்றாவது, நிலைகள். பொத்தான் இயல்பாக இருக்கும்போதும், விசைப்பலகையால் அதனை அடையும்போதும், இயங்காதபோதும் எவ்வாறு தோன்றும்? பிழை நேரின் அறிவித்தல் எவ்விடத்தில், எச்சொற்களில் வரும்?

நான்காவது, யாவர்க்கும் எட்டுதல். 2008இல் வெளிவந்த அணுகல் வழிகாட்டியின் இடைநிலைத் தரத்தின்படி, சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்குமிடையே 4.5க்கு 1 என்ற ஒளிவேறுபாடேனும் வேண்டும். பிழையைச் செந்நிறத்தால் மட்டும் காட்டுதல் தகாது. நிறம் பிரித்தறிய மாட்டாதார்க்கு அது காட்டாததற்கு ஒப்பாகும்.

இனி, சொல்லும் முறை. "அழகாக", "சற்றுப் பெரிதாக" என்னும் சொற்கள் அளக்க இயலாதன. அளக்க இயலாததைச் சோதிக்கவும் இயலாது. இணைய நியமங்களை எழுதுவோர்க்கு 1997இல் வெளிவந்த ஆவணமொன்று, கட்டாயம், விரும்பத்தக்கது, விருப்பம்போல் என்னும் படிகளை வரையறுத்தது. நாமும் அவ்வாறே கட்டாயமானவற்றுக்கு "வேண்டும்" என்றும், விரும்பத்தக்கவற்றுக்கு "நன்று" என்றும், ஏனையவற்றுக்கு "செய்யலாம்" என்றும் பிரித்தெழுதுதல் தகும். அன்றியும், விளைவு எதுவெனக் கூறுதலே குறிப்பெழுதுவோர் கடன்; அதனை எய்தும் வழியைத் தொழிலறிந்த அமைப்பாளர்க்கே விடுதல் சால்பு. மாற்றம் நேருந்தோறும் திகதியிட்டுப் பதிதலும் அவசியம்.

குறிப்புத் தெளிவற்றதாயின் துன்புறுவோர் இருவர். ஒருவர், "நாம் கேட்டது இதுவன்று" என்னும் சொல்லைக் கேட்டு, ஊதியமின்றி இரவுபகலாய் மீண்டும் உழைக்கும் அமைப்பாளர். மற்றவர், முடிவுத்திகதியன்று சிறிய கைபேசியோடு அமர்ந்து, அனுப்பும் பொத்தான் திரைக்கு அப்பால் மறைந்திருத்தலை அறியாது தவிக்கும் ஏழை மாணவர். ஒரு வரி கூடுதலாக எழுதியிருப்பின் இவ்விரு துன்பமும் நேர்ந்திரா.

மாணவர்காள்! கணிதத்தில் வரைவிலக்கணமும் மொழிப்பாடத்திற் பொருள் மயங்கா வாக்கியமும் பயில்கின்றீர்கள். அவ்விரு பயிற்சியும் இத்தொழிலில் ஒன்றுகூடுகின்றன. பிறர் ஐயுறாவண்ணம் எழுதக் கற்றல், பிறர் உழைப்பையும் காலத்தையும் மதிக்கக் கற்றலேயாகும்.